ஆபீஸ் டிரெஸ் கோடு தெரியும். ஏலத்தோட்டத்தின் டிரெஸ் கோடு தெரியுமா?

வேலைக்கு என்ன உடுத்தலாம் என்றதும் உங்களுக்கு ஜீன்ஸ், டி-ஷர்ட், ஐடி கார்டு நினைவுக்கு வரலாம். ஆனால் இந்தியாவில் சட்டமே பட்டியல் போட்டுச் சொல்லியிருக்கும் ஒரு வேலை உடை உண்டு. அது பூச்சிமருந்தைக் கையாளுகிறவர்களுக்கானது. இடுக்கி மாவட்டத்தின் சின்னக்கானல், பூப்பாறை பக்கத்து ஏலத்தோட்டங்களில் உங்கள் உறவினர்கள் வேலை பார்த்தால், இது உங்கள் வீட்டு விஷயமும்தான்.

ஆபீஸ் டிரெஸ் கோடு என்ன சொல்கிறது?

2019-ல் தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களுக்கு ஓர் ஆணை வெளியிட்டது. பெண்கள் புடவை, சல்வார் கமீஸ், துப்பட்டாவுடன் சுடிதார் அணியலாம். ஆண்கள் ஃபார்மல் பேண்ட்-சட்டை அல்லது வேட்டி அணியலாம். கேரளாவில் ஆசிரியைகள் புடவைதான் கட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று அரசு 2021 நவம்பரில் தெளிவுபடுத்தியது. பெண் நீதித்துறை அதிகாரிகள் சல்வார் கமீஸ் அணிய கேரள உயர் நீதிமன்றம் 2023-ல் அனுமதி தந்தது.

இவை எல்லாமே தோற்றத்தைப் பற்றியவை. மீறினால் ஒரு மெமோ வரலாம். உடம்புக்கு ஒன்றும் ஆகாது.

தோட்டத்தில் என்ன உடுத்துகிறார்கள்?

கொழுந்து பறிக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். புடவைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை, இடுப்பைச் சுற்றி ஒரு படங்கு அல்லது பிளாஸ்டிக் தாள், மழை வந்தால் தலையில் கொங்காணி. யாரும் ஆணை போட்டு வந்த உடை இல்லை இது. முள், மழை, குளிர், அட்டைக்கடி எல்லாவற்றையும் சமாளிக்க அவர்களே கண்டுபிடித்தது.

ஏலத்தோட்டத்தில் இதோடு மருந்தும் சேர்கிறது. ஏலம் அதிகமாக மருந்து அடிக்கப்படும் பயிர்களில் ஒன்று. மருந்தில் நனைந்த பருத்திச் சட்டை உடம்பைக் காப்பாற்றாது. மருந்தைத் தோலோடு ஒட்டி வைத்திருக்கும்.

சட்டம் கேட்கும் உடை எது?

1971-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளில் 39-வது விதி முழுப் பாதுகாப்பு உடை எது என்று சொல்கிறது:

• உடலை மூடும் மேலுடை அல்லது ஓவரால், தலைக்கு மூடி அல்லது தொப்பி
• முன்கையில் பாதிவரை வரும், திரவம் ஊடுருவாத கையுறை
• தூசி புகாத கண்ணாடி
• பூட்ஸ்

தேவைப்படும் இடத்தில் சுவாசக் கவசமும் வேண்டும். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. 2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

காசு யார் கொடுக்கணும்?

முக்கியமான கேள்வி இதுதான். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17-வது பிரிவு, முதலாளி குடை, கம்பளி, மழைக்கோட்டு வழங்க வேண்டும் என்று விதி போட மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது. 2010 திருத்தம் மருந்தைக் கையாளுகிறவர்களுக்குப் பாதுகாப்பு உடையையும் குளிக்கும் வசதியையும் முதலாளியின் கடமையாக்கியது.

2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டத்தின் இடத்தில் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத்தொகுப்பு (2020) வந்திருக்கிறது. பாதுகாப்புக்காகக் கொடுக்கும் எதற்கும் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்கிறது அதன் 6-வது பிரிவு. அதாவது கையுறைக்கோ பூட்ஸுக்கோ கூலியில் பிடித்தம் செய்ய முடியாது.

அப்புறம் ஏன் கிடைப்பதில்லை?

ஒன்று, அளவு. பழைய சட்டம் 5 ஹெக்டேரும் 15 தொழிலாளர்களும் அதற்கு மேலும் உள்ள தோட்டங்களுக்குத்தான். புதிய தொகுப்பிலும் தோட்டம் என்றால் 5 ஹெக்டேர் இருக்க வேண்டும். சின்ன ஏலக்காடுகள் தோட்டத்துக்கான பிரிவுகளுக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

இரண்டு, வேலை கிடைக்கும் விதம். போடியிலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறி வரும் தினக்கூலிக்கு இன்று ஒரு தோட்டம், நாளை வேறு தோட்டம். பூட்ஸ் வாங்கிக் கொடுக்க வேண்டியவர் யார்? ஏஜென்ட்டா, தோட்டக்காரரா? ஆளுக்கு ஆள் கைகாட்டினால் கடைசியில் பழைய சட்டைதான் மிச்சம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

அடுத்த முறை வீட்டுக்கு போன் பண்ணும்போது இதைக் கேளுங்கள்: மருந்து அடிக்கிறாங்களா? கையுறை, பூட்ஸ் யார் கொடுத்தது? கூலியில் பிடிச்சாங்களா?

மருந்து டப்பாவில் உள்ள நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு; அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் குறையும். எந்த மொழியும் தெரியாமலேயே இதைப் படிக்கலாம்.

மருந்து அடித்த துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். தலைசுற்றல், வாந்தி, மூச்சுத்திணறல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டப்பாவின் லேபிளையும் துண்டுப்பிரசுரத்தையும் கூடவே எடுத்துப் போகணும். முதலுதவியும் மாற்று மருந்தும் அதில் அச்சாகியிருக்கும். டாக்டருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.