படைக்கொடியில் ஆம்பூர்

காலனியக் காலப் படையில் வீரத்துக்காகச் சிறப்பிக்கப்பட்ட இந்தியர் என்றதும் சீக்கியர்களே முதலில் நினைவுக்கு வருகின்றனர். 1897 செப்டம்பர் 12 அன்று வடமேற்கு எல்லையில் சாரகடி காவல்நிலையைக் காத்து மடிந்த 36ஆம் சீக்கியர் படையின் 21 வீரர்களுக்கும் இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட் விருது வழங்கப்பட்டது. அவர்களுடைய பெயர்களும் கல்லில் பொறிக்கப்பட்டன. அதற்கு 130 ஆண்டுகளுக்கு முன்பே, இன்று தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற பாலாற்றங்கரையில், வேறு வகையான சிறப்பொன்றைச் சென்னைப் படையின் சிப்பாய்கள் ஈட்டியிருந்தனர்.

1767 நவம்பரில் மைசூரின் ஐதர் அலி ஆம்பூரை முற்றுகையிட்டபோது, கிழக்கிந்தியக் கம்பெனியின் கேப்டன் கால்வெர்ட்டின் கீழ் அங்கிருந்தவர்கள் 10ஆம் பட்டாலியனைச் சேர்ந்த ஏறத்தாழ 500 சிப்பாய்களும் மிகச் சில ஐரோப்பியர்களும் மட்டுமே. ஆற்காட்டு நவாபின் சார்பில் கோட்டையில் இருந்த முக்லிஸ் கான் ஐதருடன் தொடர்பு வைத்திருப்பதாக ஐயுற்ற கால்வெர்ட் அவரைக் காவலில் வைத்தார். ஊரும் கீழ்க்கோட்டையும் கைவிட்டுப் போன பின்னரும், செங்குத்தான பாறை மேலிருந்த கோட்டையைப் படை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க, டிசம்பர் முதல் வாரத்தில் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் உதவிப்படை நெருங்கியதும் ஐதர் முற்றுகையைக் கைவிட்டார். அந்தப் பட்டாலியனுக்கு ஆம்பூர்ப் பாறையின் உருவத்தைத் தன் கொடியில் தாங்கும் உரிமை கிடைத்தது. தனி வீரனுக்குப் பதக்கம் தரும் முறை அன்று கம்பெனிப் படையில் இல்லாததால், படைப்பிரிவின் கொடியும் எண்ணுமே சிப்பாயின் மானமாக நின்றன.

இதன் மறுபக்கத்தை வேலூர் காட்டிற்று. சாதிக்குறியும் காதணியும் கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்ற விதிகளோடு தோல் சின்னம் வைத்த புதிய தலைப்பாகையும் 1806இல் திணிக்கப்பட்டது. தோலை நம்பிப் பிற்காலத்தில் பிழைத்த வட்டாரத்தில், அந்தத் தோல் பசுவினதோ பன்றியினதோ என்ற அச்சமே படையைக் கிளர்த்தியது என்பதை வரலாற்றின் விந்தை எனலாம். மே மாதத்தில் அதை அணிய மறுத்தவர்களில் இருவருக்கு 900 கசையடி விதிக்கப்பட்டது. ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டையில் கிளர்ச்சி வெடித்தது. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையுடன் விரைந்த கில்லெஸ்பி அதனை ஒடுக்கிய பின், தூக்கு, துப்பாக்கி, பீரங்கி வாய் ஆகிய தண்டனைகளோடு அரசு நிற்கவில்லை. 1, 23 ஆகிய ரெஜிமென்ட் எண்களையே படைப்பட்டியலிலிருந்து அழித்து, அவற்றுக்குப் பதிலாக 24, 25 என்ற எண்களில் புதிய பிரிவுகளை அமைத்தது.

எண்ணை இழந்த இழிவு சிப்பாய்களின் நெஞ்சில் எவ்வளவு ஆழமாகத் தைத்திருந்தது என்பதற்கு 1817 நவம்பர் 26, 27 நாள்களில் நாக்பூருக்கு அருகே நடந்த சீதாபல்டிப் போர் சான்று. அப்பா சாகிப் போன்ஸ்லேயின் பெரும்படையை எதிர்த்துச் சிறு குன்றில் நின்று பலரைப் பலிகொடுத்த 24ஆம் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன், வெற்றிக்குக் கைம்மாறாகப் பழைய 1ஆம் எண்ணையும், சட்டைக் கழுத்துப்பட்டியிலும் கைவிளிம்பிலும் பழைய நிறத்தையுமே கேட்டது. அரசும் இணங்கியது. பொன்னோ நிலமோ கேட்காத இவ்வேண்டுகோளில் கம்பெனி விசுவாசத்தை மட்டும் காண்பது பிழை. வேலூரில் ஏற்பட்ட அவமானத்தைத் துடைக்கும் எண்ணமே அதில் மேலோங்கியிருந்தது.

1837இல் ஆர்டர் ஆஃப் மெரிட் ஏற்பட்டபின் தனி வீரர்களின் பெயர்கள் ஆவணங்களில் ஏறத் தொடங்கின. அதற்குள் போர்க்களம் வடக்கே நகர்ந்துவிட்டிருந்தது. சில இனத்தாரே பிறவிப் போர்வீரர் என்னும் கொள்கையைப் பற்றியிருந்த பிரிட்டிஷ் படை அதிகாரி ராபர்ட்ஸ், முதலில் சென்னைப் படைக்கும், 1885 முதல் இந்தியப் படை முழுவதற்கும் தளபதியானபோது, தென்னாட்டார் திட்டமிட்டு ஒதுக்கப்பட்டனர். ஆம்பூரைக் காத்த வழியில் வந்த 10ஆம் சென்னைக் காலாட்படையில் 1890களில் தென்னாட்டாரின் இடத்தைப் பர்மாவில் கூர்க்காக்கள் பெற்றனர். 1901இல் அது 10ஆம் கூர்க்கா ரைபிள்ஸ் ஆயிற்று. சீதாபல்டியில் மீட்கப்பட்ட 1ஆம் எண்ணுக்குரிய படை, பாதை அமைக்கும் பயனியர் படையாக மாற்றப்பட்டு, 1933இல் கலைக்கப்பட்டது.