வேறு பிரிவு

வண்ணாரப்பேட்டையிலிருந்து விமான நிலையத்துக்கு இப்போது ஒரே ரயிலில் போய்விடலாம். 2019இல் மெட்ரோ எங்கள் பேட்டைக்கு வந்தது, 2021இல் விம்கோ நகர்வரை நீண்டது. கழுத்தில் அடையாள அட்டையும் இழுத்துக் கட்டிய கொண்டையுமாக மீனம்பாக்கம் வேலைக்குப் போகிற இளம்பெண்களை அந்த ரயிலில் பார்க்கிறேன். கடன் வாங்கி மகளை ஏர் ஹோஸ்டஸ் பயிற்சிக்கு அனுப்பும் அம்மாக்களும் இங்கே உண்டு. ‘கௌரவமான வேலை’ என்கிறார்கள். கௌரவம்தான். ஆனால், அந்த வேலையில் பெண்கள் எதற்கெல்லாம் போராட வேண்டியிருந்தது என்பது பயிற்சி வகுப்பில் சொல்லித் தரப்படுவதில்லை.

2024 மே 7 இரவு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் விமானப் பணியாளர்கள் ஒருவர் பின் ஒருவராக உடல்நலமில்லை என்று விடுப்புச் சொன்னார்கள். நூறு பேருக்கும் மேல். அடுத்த இரண்டு நாட்களில் 150க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. வளைகுடா போகவேண்டியவர்கள் கேரள விமான நிலையங்களில் தவித்தார்கள். நிர்வாகம் சுமார் 25 பேரை வேலைநீக்கம் செய்தது. மே 9 அன்று டெல்லியில் மத்திய தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்பு பேச்சுவார்த்தை நடந்தது. நீக்கப்பட்டவர்கள் திரும்ப எடுக்கப்பட்டார்கள், மற்றவர்கள் பணிக்குத் திரும்பினார்கள்.

எத்தனை பேருக்கு உண்மையில் காய்ச்சல் என்பது என் கேள்வி இல்லை. வேலைநிறுத்தம் என்று ஏன் அவர்களால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை என்பதுதான் கேள்வி. அன்று நடப்பில் இருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டப்படி விமானப் போக்குவரத்து பொதுப் பயன்பாட்டுச் சேவை. முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்காமல் அதில் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது. சமரசப் பேச்சு நடந்துகொண்டிருந்தால் அறிவிப்புக் கொடுத்தாலும் செய்யக் கூடாது. அதே சட்டம் நிர்வாகத்துக்கும் ஒரு கட்டுப்பாடு வைத்தது: பேச்சு நடக்கும்போது, தகராறு சம்பந்தப்பட்ட காரணத்துக்காக அனுமதியில்லாமல் யாரையும் நீக்கக் கூடாது. முதல் விதி எல்லோருக்கும் நினைவிருந்தது. இரண்டாவதைப் பற்றி அதிகம் பேச்சில்லை.

இந்தக் கதையைப் புரிந்துகொள்ள நாற்பது வருடம் பின்னால் போகவேண்டும்.

அன்றைய ஏர் இந்தியாவில் விமானப் பணிப்பெண்ணின் வேலை 35 வயதில் முடிந்தது. சேர்ந்து நான்கு ஆண்டுகளுக்குள் கல்யாணம் செய்தால் அப்போதே முடிந்தது. முதல் முறை கர்ப்பமானாலும் முடிந்தது. இவற்றில் எது முந்துகிறதோ அது. நிர்வாக இயக்குநர் விரும்பினால் 45 வயதுவரை நீட்டிப்பார். அதே விமானத்தில் வேலை பார்த்த ஆண்களுக்கோ ஓய்வு வயது 58.

நெர்கேஷ் மிர்சாவும் சக பணிப்பெண்களும் தொடுத்த வழக்கில் 1981 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கர்ப்பமானால் வேலை இல்லை என்ற விதி பெண்மைக்கே அவமானம் என்று அதை ரத்து செய்தது. நீட்டிப்பை ஒரு அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டதையும் ரத்து செய்தது. இதுவரைக்கும் இந்தத் தீர்ப்பைக் கொண்டாடுகிறோம். மிச்சத்தையும் படிக்கவேண்டும். நான்கு ஆண்டு கல்யாணத் தடை சரியே என்றது நீதிமன்றம். பெண்ணின் உடல்நலத்துக்கு நல்லதாம், குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் உதவுமாம். இரண்டு குழந்தைகள் இருக்கும்போது மூன்றாவது கர்ப்பத்தோடு வேலை முடியும் என்று விதியைத் திருத்தினால் தவறில்லை என்றும் சொன்னது.

ஆணுக்கு ஒரு விதி, பெண்ணுக்கு ஒரு விதியா என்று கேட்டதற்குக் கிடைத்த பதில்தான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. பணிப்பெண்கள் வேறு பிரிவு. ஆட்களை எடுக்கும் முறை வேறு, பதவி உயர்வு வேறு, ஓய்வு விதி வேறு. ஆகவே சமத்துவம் கேட்க முடியாது. அந்தப் பிரிவை உண்டாக்கியதே நிர்வாகம்தான். தான் போட்ட கோட்டையே காட்டி, ‘பார், நடுவில் கோடு இருக்கிறதே’ என்று சொல்வதற்குப் பெயர் நியாயம்!

பெண்கள் விடவில்லை. சங்கம், மனு, நாடாளுமன்றக் குழு, மறுபடி நீதிமன்றம் என்று நடையாய் நடந்து, இரண்டாயிரங்களின் தொடக்கத்தில்தான் ஆண்களைப் போல 58 வயதுவரை பறக்கும் உரிமையைப் பெற்றார்கள். விமானத்துக்குள் மேற்பார்வையாளராகப் பெண்ணும் இருக்கலாம் என்ற உத்தரவு 2005 டிசம்பரில் வந்தது. அதை எதிர்த்து நீதிமன்றம் போனவர்கள் யார் தெரியுமா? கூட வேலை பார்த்த ஆண்கள். பெண்ணின் கீழ் வேலை செய்வதா என்ற வழக்கு 2011 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தோற்ற பிறகே அது ஓய்ந்தது.

அதே 2005ஆம் ஆண்டின் ஏப்ரலில் இன்னொன்று நடந்தது. ஏர் இந்தியாவின் துணை நிறுவனமாக, குறைந்த கட்டணத்தில் வளைகுடாவுக்குப் பறக்க, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் பிறந்தது. டிக்கெட் விலை குறைய வேண்டுமென்றால் எதிலாவது செலவைக் குறைக்கவேண்டும். எரிபொருளும் விமானமும் எல்லா நிறுவனத்துக்கும் ஏறத்தாழ ஒரே விலை. குறைக்க முடிவது கூலியையும் வேலைப் பாதுகாப்பையும்தான். ஆகவே துணை நிறுவனத்தின் விமானப் பணிக்கு நிரந்தர வேலை இல்லை, ஐந்தாண்டு ஒப்பந்தம்.

இதில் கல்யாணத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. கர்ப்பத்தைப் பற்றியும் கிடையாது. அதற்குத் தேவையும் இல்லை. இருபத்திரண்டு வயதில் சேர்ந்தவளின் ஒப்பந்தம் இருபத்தேழில் முடிகிறது. புதுப்பிப்பதா வேண்டாமா என்பது நிர்வாகத்தின் கையில். ரத்தான விதியும், ரத்தான அந்த அதிகாரியின் விருப்பமும் வேறு கதவு வழியாக உள்ளே வந்துவிட்டன. தாய் நிறுவனத்தில் நம் அக்காக்கள் முப்பது வருடம் போராடி வாங்கியதைச் சுட்டிக்காட்டிக் கேட்டால், பதில் தயாராக இருந்தது: அது வேறு கம்பெனி. 1981இல் வேறு பிரிவு, 2005இல் வேறு கம்பெனி.

2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடாவிடம் போனது. ஏர் ஏசியா இந்தியாவாக இருந்த நிறுவனத்தை எக்ஸ்பிரஸோடு இணைக்கும் வேலை தொடங்கி, 2024 அக்டோபரில் முடிந்தது. இரண்டு கம்பெனி ஒன்றானால் இனி ‘வேறு’ என்ற சொல்லுக்கு இடமில்லை என்றுதானே நினைப்போம்? சங்கத்தின் புகார் நேர்மாறாக இருந்தது. இணைப்பின்போது ஊழியர்கள் சமமாக நடத்தப்படவில்லை, மூத்த பதவிக்கு நேர்காணல் முடித்தவர்களுக்குக் கீழ்ப்பதவி தரப்படுகிறது, படிகள் மாற்றப்படுகின்றன என்றார்கள். சங்கத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் மூத்தவர்கள். மே மாத விடுப்பு இந்தப் புகாரின் தொடர்ச்சிதான்.

எங்கள் பேட்டைக்கு இந்தக் கதை புதிதில்லை. பக்கத்துப் பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். அதன் தலைவர் பி.பி. வாடியா மீது பின்னி வழக்குப் போட்டு உயர் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கியது. சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரல் அதன் பிறகு வலுத்து, 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. ஆனால் 1921இல் மாதக்கணக்கில் நடந்த வேலைநிறுத்தம் உடைந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம் என்று பிளந்து, புளியந்தோப்பு எரிந்தது. நிர்வாகம் அந்தப் பிளவைப் பயன்படுத்திக்கொண்டது. ஆனால் சேரியையும் ஊரையும் பிரித்த கோடு ஆலைக்கு முன்பே இருந்தது. சங்கமும் அதை அழிக்கவில்லை. பெண் மேற்பார்வையாளரை எதிர்த்து நீதிமன்றம் போன ஆண்களை நான் இதோடு சேர்த்தே பார்க்கிறேன். முதலாளி போடும் கோடு பாதிதான். நாம் நமக்குள் வைத்திருப்பது மீதி.

விமானப் பணியில் பெண்ணின் வயது, எடை, கல்யாணம், கர்ப்பப்பை எல்லாமே ஒரு காலத்தில் நிறுவனத்தின் விதிப்புத்தகத்தில் இருந்தன. எல்லா வழியும் அடைபட்டபோது, அந்த உடம்பையே காரணமாகக் காட்டி, ‘இன்று வரமாட்டேன்’ என்றார்கள். நிறுவனம் அளந்து அளந்து பார்த்த உடம்புதான் கடைசியில் மறுப்புச் சொல்லவும் பயன்பட்டது.

அதன் விலையை மறைக்கக் கூடாது. மஸ்கட்டில் மருத்துவமனையில் கிடந்த கணவரைப் பார்க்கப் புறப்பட்ட திருவனந்தபுரத்துப் பெண் ஒருவரின் விமானம் அந்த நாட்களில் ரத்தானது. அவர் போய்ச் சேரும் முன்பே கணவர் இறந்துவிட்டார். அந்தப் பெண்ணின் துக்கத்தை வேலைநிறுத்தத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிட்டால், மாதக்கணக்கில் புகாரைக் கேட்காமல் இருந்தவர்கள் எளிதாகத் தப்பிவிடுவார்கள். நேரத்தோடு கேட்கப்பட்ட புகார் விமானத்தை நிறுத்தியிருக்காது.

2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஒரே நாளில் பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமாம். முன்னறிவிப்பு விதி இனி எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும். குறித்த கால வேலைக்கும் அதே சட்டத்தில் இடம் உண்டு. விமானத்தில் நடந்தது இனி கடைக்கும் ஆலைக்கும் வரப்போகிறது.

மகளை இந்த வேலைக்கு அனுப்பாதீர்கள் என்று எந்த அம்மாவிடமும் நான் சொல்லமாட்டேன். வேலை ஆணையைக் கையெழுத்துப் போடும் முன்பு இருவரும் உட்கார்ந்து படியுங்கள். ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, யார் புதுப்பிப்பார்கள், பேறுகால விடுப்பின்போது ஒப்பந்தம் முடிந்தால் என்ன ஆகும், சங்கத்தில் சேர என்ன வழி என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ‘அது வேறு பிரிவு’ என்று யாராவது பதில் சொன்னால், அந்தப் பிரிவைப் பிரித்தது யார் என்றும் கேளுங்கள்.