துப்பாக்கி வந்த வழியும் வெடி போன வழியும்

திருவள்ளுவர் விழா மேடைகளில் ஒரு பேச்சு அடிக்கடி தலைகாட்டுகிறது. வான்சிறப்பின் இரண்டாம் குறளில் ‘துப்பாக்கி’ என்ற சொல் இருக்கிறதாம். ஆகவே துப்பாக்கி தமிழ்ச்சொல்லாம். சொல் இருந்தால் பொருளும் இருந்திருக்க வேண்டுமாம். சுங்கைப் பட்டாணியில் ஒரு கோயில் மண்டபத்தில் இதை அண்மையில் மறுபடியும் கேட்டேன். பேசியவர் தமிழ்ப்பற்றில் குறையாதவர். முன்வரிசையில் இருந்த தோட்டத்துப் பள்ளிப் பிள்ளைகள் கைதட்டினார்கள். பெரியவர்கள் தமக்குள் இப்படிப் பேசிக்கொண்டால் விட்டுவிடலாம். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்யும்போது எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்தக் குறளில் இருப்பது துப்பு, ஆக்கி என்ற இரு சொற்கள். பரிமேலழகர் துப்பு என்பதற்கு உணவு என்றே பொருள் கொள்கிறார். உண்பவர்க்கு உணவை விளைவித்துத் தந்து, தானும் அவர்களுக்கு உணவாவது மழை; இதுதான் செய்தி. எதுகைக்காக ஒரே சொல்லை அடுக்கியிருக்கிறார் வள்ளுவர். ஆக்கி என்பது வினையெச்சம், பெயரன்று. எச்சத்தைப் பெயராக்கி அதன் கையில் ஆயுதத்தையும் கொடுத்துவிட்டால் அப்புறம் இலக்கணம் எதற்கு?

இதைச் சொன்னால் உடனே அடுத்த வாசலைத் திறக்கிறார்கள். துப்பு என்றால் வலிமையும்தானே, வலிமையை ஆக்குவது துப்பாக்கி என்கிறார்கள். அதுவும் நிற்கவில்லையென்றால் உமிழ்தல் என்ற பொருளுக்குத் தாவி, குண்டைத் துப்புவதால் துப்பாக்கி என்கிறார்கள். துப்புக்குப் பவளம் என்றும் ஒரு பொருள் உண்டு. அதை மட்டும்தான் இன்னும் யாரும் கையிலெடுக்கவில்லை. எந்தப் பொருளை வைத்தாலும் பொருந்துகிற விளக்கம் எதையும் விளக்குவதில்லை. தோற்பதற்கு இடமே வைக்காத கருத்தை அறிவியல் கருத்தாகவே சேர்த்துக்கொள்ளாது. சொல்லாராய்ச்சிக்கும் அந்தக் கண்டிப்பு வேண்டும்.

சுங்கைப் பட்டாணி என்ற பெயரையே பாருங்கள். மலாயில் அது பெத்தானி. உழவர் என்பது அதன் பொருள். பத்தானி நாட்டோடு தொடர்புபடுத்துவோரும் உண்டு. நம் நாக்கு அதைத் தனக்குப் பழக்கமான பட்டாணியாக்கிக்கொண்டது. கடலைப் பட்டாணி விளைந்த ஊர் என்று கெடாவில் ஒருவரும் சொல்வதில்லை, ஏனென்றால் மூலச்சொல் பக்கத்து வீட்டிலேயே உயிரோடு இருக்கிறது. துப்பாக்கியின் மூலம் தூரத்தில் இருப்பதால் மட்டுமே மேடையில் வாதம் எடுபடுகிறது.

பட்டாணி என்றதும் மெண்டல் நினைவுக்கு வருகிறார். ஆஸ்திரியப் பேரரசின் புருனோ நகர மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளைக் கலந்து வளர்த்து, 1865இல் தாம் கண்டதைப் பேசி, 1866இல் அச்சிட்ட துறவி. உருண்டை விதையையும் சுருங்கிய விதையையும் கலந்தார். முதல் தலைமுறையில் விதைகள் எல்லாம் உருண்டை. அடுத்த தலைமுறையில் 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. பள்ளிப் பாடம் அதோடு நின்றுவிடும். எனக்கு அவருடைய அடுத்த வேலைதான் பெரிதாகப் படுகிறது. உருண்டை விதைகளிலிருந்து 565 செடிகள் வளர்த்தார். 193 செடிகள் உருண்டை விதை மட்டுமே தந்தன. 372 செடிகள் இரண்டையும் தந்தன. கண்ணுக்கு ஒரே உருண்டையாக இருந்தவற்றின் பிறப்பு வேறு வேறு. தோற்றத்தை வைத்து வமிசம் சொல்ல முடியாது, பிள்ளைகளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இந்த அறிவியலுக்கு மரபியல் என்று பெயர் வைத்தவர்கள் நன்றாகவே வைத்தார்கள். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கடைசி இயலும் மரபியல்தான். ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களைப் பகுத்து, குட்டி, குருளை, பறழ், கன்று, பிள்ளை என்று இளமைப் பெயர்களை வழுவாமல் வகுத்துத் தரும் இயல் அது. எதற்கு எது பிள்ளை என்பதில் தொல்காப்பியருக்கு இருந்த கவனம் நமக்கும் வேண்டும்.

இனித் துப்பாக்கியின் உறவினரைப் பார்ப்போம். தெலுங்கில் துபாகி, கன்னடத்திலும் துபாகி. இரண்டிலும் நடு எழுத்துகள் ஒற்றை, வல்லோசை. இந்துஸ்தானியில் துபக். பாரசீகத்தில் துஃபங். துருக்கியில் துஃபெக். 11ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் அல்-காஷ்கரி தொகுத்த துருக்கிச் சொற்களஞ்சியத்தில் இதன் முன்னோர் இருக்கிறார்: துவெக், சிட்டுக்குருவி அடிக்கும் ஊதுகுழல். நம் பாலிங் பக்கத்துக் கென்சியு மக்கள் காட்டில் பயன்படுத்திய சும்பித்தானுக்கு இனமான கருவி. குழாயை ஊதுகிற ஓசையிலிருந்தே அந்தச் சொல் பிறந்திருக்க வேண்டும். தமிழ்த் துப்பும் வாயோசையில் பிறந்ததுதான். இரண்டு மொழிகளில் இரண்டு வாய்கள் ஒரே ஓசை எழுப்பியதை உறவு என்று சொல்லக்கூடாது.

சான்று எழுத்தில் இருக்கிறது. தமிழில் உயிருக்கு நடுவே ஒற்றைப் பகரம் வந்தால் நாம் அதை மெலித்து ஒலிப்போம். அயல்மொழிப் பகரத்தின் வல்லோசையைக் காக்க வேண்டுமானால் இரட்டிக்க வேண்டும். ககரத்துக்கும் அதே விதி. துபாகி துப்பாக்கியானது இப்படித்தான். துப்பு, ஆக்கி என்ற தமிழ்ச் சேர்க்கை முதலில் இருந்து, அதிலிருந்து தெலுங்கரும் கன்னடரும் எடுத்திருந்தால், ஒற்றை இரட்டிக்கப் பழகிய அந்த மொழிகள் இரட்டையை ஏன் தொலைக்க வேண்டும்? மேலும், சொல்லின் முடிவில் நிற்கும் இகரம் இந்துஸ்தானியில் இல்லை. தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றிலும் உண்டு. மரபணுவில் ஒரு மாற்றம் ஏற்பட்டு அது ஒரு கிளை முழுவதிலும் தென்பட்டால், அந்தக் கிளைக்கு ஒரே தாய் என்று மரபியலார் முடிவு கட்டுவார்கள். இந்த இகரம் அப்படிப்பட்ட மாற்றம்.

காலமும் ஒத்துவருகிறது. 1520இல் ராய்ச்சூர் போரில் கிருஷ்ணதேவராயர் பக்கம் போர்த்துகீசியத் துப்பாக்கி வீரர்கள் நின்றார்கள். 1526இல் பானிபட்டில் பாபர் துருக்கி முறையில் வண்டிகளைக் கட்டி அவற்றின் இடையிலிருந்து சுட்டார். விஜயநகரத்தின் கிளைகளாக மதுரையிலும் தஞ்சையிலும் தெலுங்கு பேசும் நாயக்கர்கள் அமர்ந்தார்கள். படையும் சொல்லும் ஒரே பாதையில்தான் தெற்கே வந்திருக்கின்றன.

பீரங்கியும் அப்படி வந்ததே. பிராங்க் என்ற ஐரோப்பிய இனப்பெயரை அரபியர் ஐரோப்பியர் அனைவருக்கும் பொதுவாக்கினார்கள். அது பாரசீகத்தில் ஃபரங்கி ஆனது. தமிழில் அதற்கு இரட்டைப் பிள்ளைகள். ஆளுக்குப் பறங்கி, ஆயுதத்துக்குப் பீரங்கி. பறங்கிக்காயும் அந்தக் குடும்பம்தான். பாபர் தம் நூலில் ஒருவகைப் பீரங்கியை இந்தப் பெயராலேயே குறிக்கிறார். சீனர் அதை ஃபோலாங்ஜி என்றார்கள். கோலா கெடாக் கோட்டையிலிருந்து தெற்கே பினாங்குக்குப் போனால் பத்து ஃபெரிங்கி, அதாவது பறங்கிப் பாறை. மலாயில் ஆளுக்கும் இடத்துக்கும் அந்தப் பெயர் ஒட்டியது, ஆயுதத்துக்கு ஒட்டவில்லை. மலாயில் ஆயுதப் பெயர்கள் வேறு வழியாக வந்தன. இஸ்திங்கார் போர்த்துகீசிய எஸ்பிங்கார்தாவிலிருந்து வந்தது. செனாப்பாங் டச்சுக்காரரின் ஸ்னாப்ஹானிலிருந்து வந்தது. குண்டைக் குறிக்கும் பெலுரு போர்த்துகீசியம். ஒவ்வொரு கப்பலும் தன் ஆயுதத்தோடு தன் சொல்லையும் இறக்கிவிட்டுப் போயிருக்கிறது.

இந்த இடத்தில் இன்னொரு கூட்டத்துக்கும் விடை சொல்லியாக வேண்டும். 1025இல் கடாரம் கொண்ட இராசேந்திரன் வெடிகொண்டு வென்றான் என்று எழுதுகிறார்கள். வெடிமருந்துச் செய்முறை எழுத்தில் முதன்முதலாகக் கிடைப்பது 1044இல் தொகுத்த சீனப் போர்நூலில். அங்கேயும் அது எரிக்கவும் புகைக்கவும் பயன்பட்ட பொருள், குழாயில் இட்டுச் சுடுவது பிறகு வந்தது. சிலப்பதிகார அடைக்கலக் காதை மதுரைக் கோட்டைப் பொறிகளை வரிசையாகச் சொல்கிறது. கல்லெறியும் கவண் இருக்கிறது, கொதிக்கும் எண்ணெய் இருக்கிறது, உருக்கிய உலோகம் இருக்கிறது. வெடியுப்பு இல்லை. வடமொழி நூல்களில் வரும் சதக்கினி என்ற ஆயுதத்தைப் பீரங்கி என்பவர்களுக்கும் இதே விடை. கடாரமாகிய கெடாவின் பெருமைக்குப் பட்டினப்பாலையின் காழகமும், மெர்போக்கில் நிற்கும் புக்கிட் பத்து பஹாட் சண்டி என்ற பழங்கோயிலும் போதும்.

வெடியுப்பு என்றேன். எழுபத்தைந்து பங்கு வெடியுப்பு, பதினைந்து பங்கு கரி, பத்துப் பங்கு கந்தகம்: இந்தக் கலவைக்கு நாம் மருந்து என்று பெயர் வைத்திருக்கிறோம். ஆளைக் கொல்வதற்கு மருந்து என்று எப்படிப் பெயர் வந்தது? சீனத்தில் ஹுவோயாவ், நெருப்பு மருந்து. சாகாமருந்து தேடிய ரசவாதிகளின் அடுப்பில் பிறந்த கலவை என்பதால் அங்கே அந்தப் பெயர் இயல்பு. வடநாட்டில் தாரு என்றால் மருந்தும் வெடிமருந்தும். சிங்களத்தில் வெடி பெஹெத். பெஹெத் மருந்து, முன்னால் நிற்பது நம் வெடியே. வெடியுப்புக்கும் சிங்களத்தில் வெடிலுணு; லுணு உப்பு. மலாயில் ஊபாட் பெடில், பெடிலின் மருந்து. பொருளை மொழிபெயர்த்துக் கைமாற்றியபோது பெயரின் பாதியை எல்லாரும் தம் மொழியில் சொல்லிக்கொண்டார்கள். மறுபாதியை, சிங்களரும் மலாய்க்காரரும் நம்மிடமிருந்தே எடுத்துக்கொண்டார்கள்.

ஆம், பெடில் நம் சொல். மேடையில் கைதட்ட வேண்டிய இடம் இது. இதைத்தான் யாரும் சொல்வதில்லை.

வெடி என்பதற்குப் பிளத்தல் முதற்பொருள். பருத்தி வெடிக்கும், கோடையில் நிலம் வெடிக்கும், நம் தோட்டங்களில் வெயில் ஏறினால் பால்மரக் காய் படாரென்று வெடித்து விதையை லயத்துக் கூரைவரை எறியும். அந்த ஓசையே பிறகு மருந்தின் ஓசைக்கும் ஆகிவந்தது. மலையாளத்தில் வெடி என்றால் துப்பாக்கிச் சூடு. துளுவில் வகரம் பகரமாகி பெடி, துப்பாக்கிக்கும் வாணவேடிக்கைக்கும் அதுவே பெயர். புத்தூர் மகாலிங்கேசுவரர் கோயில் பெடி அந்த நாட்டில் பெயர் போனது. கன்னடத்தில் வேர் பேரு ஆவதுபோல, வெண்ணெய் பெண்ணெ ஆவதுபோல.

மலாயிலும் அந்த மாற்றம் நடந்திருக்கிறது. நம் வகை அங்கே பகாய். வெடிச்சத்தத்தைக் குறிக்கும் வெடில் பெடில் ஆயிற்று. ஈற்றிலுள்ள லகரத்தை ஐயுறுகிறவர்கள் கட்டிலைப் பார்க்கட்டும். அதுவும் மலாயில் காத்தில் என்று லகரத்தோடுதான் கிடக்கிறது. கப்பல் காப்பால், கடை கெடாய், பெட்டி பெத்தி, கேடயமாகிய பரிசை பெரிசாய். துறைமுகத்தில் தமிழ் வணிகர் வைத்துவிட்டுப் போன சொற்கள் இவை. பெடில் அவற்றின் நடுவே உட்கார்ந்திருக்கிறது. இன்றும் மலாய்ச் செய்தித்தாள் ஒரு நகரின்மேல் குண்டு பொழிந்ததை பெடிலான் என்று எழுதுகிறது.

அங்கிருந்து அது தீவுக்குத் தீவு போயிற்று. சுந்தாவில் பெடில், பத்தாக்கில் போடில், மக்காசாரில் படிலி, பூகிசில் பலிலி. பிலிப்பைன்சின் தகலோகில் துப்பாக்கிக்குப் பரில் என்பதுதான் இன்றைய அன்றாடச் சொல். டகரம் அங்கே ரகரமாகியிருக்கிறது. ஒரு மொழி அடுத்த மொழிக்குக் கொடுக்கும்போது எந்த எழுத்து எப்படி மாற வேண்டுமோ அப்படியே மாறியிருக்கிறது. மெண்டல் கேட்ட பிள்ளைகளின் சாட்சி இதுவே.

மாற்றுக் கட்சி ஒன்று உண்டு. ஹிக்காயாட் ஹாங் துவா என்ற மலாய்ப் பழங்கதையில் நாயகன் பீரங்கி வாங்க ரூம் நாட்டுக்கு, அதாவது துருக்கிக்கு, போகிறான்; அச்சே சுல்தானுக்கு 16ஆம் நூற்றாண்டில் உதுமானியர் பீரங்கி அனுப்பியது வரலாறு. அப்படியிருக்க, தமிழர் எங்கிருந்து வந்தார்கள் என்கிறார்கள். துருக்கியிலிருந்து சொல்லும் வந்திருந்தால் துஃபெக்கின் பிள்ளை ஒன்று மலாயில் அந்த இடத்தைப் பிடித்திருக்கும். பிடிக்கவில்லை. பீரங்கி வருமுன்பே, வெடியைக் கேட்டுப் பழகிய காதுகள் இங்கே இருந்தன. அதே ஹிக்காயாட்டில் அதே ஹாங் துவா கெலிங் நாட்டுக்கும், அதாவது நம் கரைக்கும், தூது போகிறான். 1511இல் மலாக்கா விழுந்தபோது அந்தத் துறையில் செல்வாக்கோடு இருந்த தமிழ் வணிகர் நைனா செட்டுவைப் போர்த்துகீசியர் பெண்டஹாரா என்ற உயர்பதவியில் அமர்த்தினார்கள். அப்படிப்பட்டவர்கள் குடியிருந்த ஊரில் ஒரு தமிழ்ச்சொல் பரவுவதற்கு அரசனின் படை தேவையில்லை.

ஒரு சான்றை மட்டும் பெரிதாக மதிக்கிறேன். மலாய்க்காரரும் தகலோகரும் நம் டகரத்தை நுனிநா ஒலியாக்கிவிட்டார்கள். ஜாவானியர் ஆக்கவில்லை. அவர்கள் மொழியில் இரண்டு வகை டகரம் உண்டு, பல்லொலி ஒன்று, நாவளை ஒலி ஒன்று. பெடிலை அவர்கள் நாவளைத்தே சொல்கிறார்கள், எழுதுவதும் அந்த எழுத்தாலேயே. பாரசீகத்தில் அந்த ஒலி இல்லை, துருக்கியில் இல்லை, போர்த்துகீசியத்தில் இல்லை. வெடி என்று நாவை மேலண்ணத்தில் வளைத்து ஒலிக்கும் கரையிலிருந்து வந்தவர் வாயைக் கேட்டுத்தான் ஜாவாக்காரர் அதைப் படித்திருக்க வேண்டும். அந்தக் கரை சோழமண்டலக் கரை என்பது என் துணிபு.