மல்லாட்டை ஏன் பொக்காகிறது?



போன வாரம் ஊரிலிருந்து பழைய மாணவர் ஒருவர் பேசினார். "செடி பச்சைப் பசேல்னு இருந்துச்சு ஐயா, பிடுங்கினா பாதி பொக்கு" என்றார். குரல் உடைந்திருந்தது. அதனால்தான் இந்தப் பழைய கதை.

19-ஆம் நூற்றாண்டிலேயே நம் தென்னார்க்காட்டு மல்லாட்டை புதுச்சேரியில் கப்பலேறி, பிரான்சின் மார்சேய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. 1940-இல் திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. 2 ரகம் வந்தது. ஆனால் ரகம் நன்றாக இருந்தால் மட்டும் காய் நிறையாது. 1949-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் கதிரியக்கக் கால்சியத்தை வைத்துச் சோதித்தார்கள். வேர் உறிஞ்சுவது பெரும்பாலும் இலைக்குப் போகிறது. காய் தனக்கு வேண்டிய கால்சியத்தைத் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கிறது என்று தெரிந்தது.

அப்பா காலத்தில் போட்ட சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்தோடு கால்சியமும் கந்தகமும் இருந்தன. பிறகு டி.ஏ.பி. வந்தது. மணிச்சத்து கூடியது, மற்ற இரண்டும் சத்தமில்லாமல் போய்விட்டன.

அந்தக் குறையைத் தீர்ப்பது விலை குறைந்த ஜிப்சம்தான். இறவைப் பயிருக்கு ஏக்கருக்கு 160 கிலோ. விதைத்த 40–45-ஆம் நாளில் செடியோரம் தூவி, மண் அணைக்க வேண்டும். விழுது இறங்கும் இடத்தில் அது இருக்க வேண்டும்.

மாணவரிடம் என்ன உரம் போட்டாய் என்று கேட்டேன்.

"டி.ஏ.பி. மட்டும்தான் ஐயா."

உங்களில் மல்லாட்டை போட்டிருப்பவர்கள் இன்றே நாளை எண்ணிப் பாருங்கள்.