ஒரு டாலரும் ஒரு பெயரும்

மேச்சேரியை வெளியூரார் அறிவது ஆட்டால். இன்சுலின் வரலாறும் கால்நடையிலிருந்தே வளர்ந்தது. 1921இல் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களிடம் தொடங்கிய ஆய்வு, விரைவில் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையங்களுக்கு மாறிற்று. 1923இல் அவ்விருவரும் காலிப் என்பாரும் தம் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுப் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கொடுத்தனர். எவரும் தனியுடைமை கொண்டாடலாகாது என்பது அவர்தம் எண்ணம்.

அவ்வெண்ணம் நீடிக்கவில்லை. 1982இல் நுண்ணுயிர்வழி மனித இன்சுலின் வந்தது. 2000இல், தோலடியில் மெல்லக் கரைந்து ஏறத்தாழ ஒருநாள் முழுதும் செயற்படும் கிளார்ஜின், 'லாண்டஸ்' என்னும் பெயரோடும் காப்புரிமையோடும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

இந்தியாவில் கதை வேறு. நம் 1970ஆம் ஆண்டுச் சட்டம் மருந்தின் செய்முறைக்கே காப்புரிமை தந்தது, மருந்துக்கன்று. 2005இல் சட்டம் மாறியபோதும், 1995க்கு முன்பே விண்ணப்பிக்கப்பட்ட கிளார்ஜின் அதற்குள் அடங்கவில்லை. ஆகவே 2003இல் வோக்கார்ட்டும் 2004இல் பெங்களூரு பயோகானும் மனித இன்சுலினை விற்கத் தொடங்கிய வழியிலேயே, 2009இல் பயோகானின் கிளார்ஜின் 'பேசலாக்' என வெளிவந்தது. தொப்பூர் வழியே போனால் மேச்சேரிக்குப் பெங்களூரு தொலைவன்று.

இத்தகைய மருந்தைப் பயோசிமிலர் என்பர். உயிரணுவில் விளைவதால் இதை அச்சுப்போல் படியெடுக்க இயலாது. சுவடி பெயர்த்தெழுதுவதை ஒத்தது இது. பாடபேதம் இருக்கும், பொருள் மாறலாகாது. மாறவில்லை எனச் சோதித்துக் காட்டிய பின்னரே ஒப்புதல் கிடைக்கும்.

2021 சூலையில் அமெரிக்கா, பயோகானின் 'செம்க்ளீ'யை லாண்டசுக்கு மாற்றாக மருந்தாளுநரே தரலாம் என ஏற்றது. நம் கடைகளில் அவ்வாறு இயலாது. சீட்டில் எழுதிய பெயரே வரவேண்டும். வியப்பு இதுதான்: மலிவான மருந்தை முன்னரே பெற்ற நாடு நம்முடையது, பெயர் மட்டும் தடையாய் நிற்கிறது. 1994இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமோ மூலப்பெயரால்தான் மருந்து வாங்குகிறது.

மேச்சேரியில் சீட்டு எழுதப்படும்போதே, "கிளார்ஜினில் விலை குறைந்தது உண்டா?" என மருத்துவரிடம் வினவலாம். தாமாக மாற்றிக்கொள்ளுதல் கூடாது. அளவையும் ஊசிப் பேனாவையும் அவரே பார்த்துச் சொல்லவேண்டும்.