பாட்டி தொடாத கிழங்கும் வெள்ளிக்கிழமைப் பாயசமும்

கொஞ்சம் நீளமான பதிவு. இப்ப நேரம் இல்லாதவங்க சேமிச்சு வெச்சுக்கிட்டு எம்ஆர்டியில போகும்போது படிங்க.

போன வெள்ளிக்கிழமை அன்னதானத்தில் பாயசம் ஊற்றிக்கொண்டு நின்றேன். ஒரு சின்னப் பிள்ளை கப்பை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "அங்கிள், இந்த உருண்டை எந்த மரத்துல காய்க்குது?" என்று கேட்டது. "மரம் இல்லம்மா, இது சவ்வரிசி" என்றேன், பெரிய விவரம் தெரிந்தவன் மாதிரி. பின்னால் நின்ற ஐயா விடவில்லை. "அரிசியும் இல்ல ஒன்னும் இல்ல தம்பி. மரவள்ளிக்கிழங்கு மாவு. அதைப் போய்க் கோயில்ல பாயசம்னு ஊத்துறீங்க" என்றார். அவருக்கும் பின்னால் நின்ற அக்கா, "எங்க ஊர்ல ஏகாதசிக்கே சவ்வரிசிதான்" என்று ஆரம்பிக்க, வரிசை அப்படியே நின்றுபோனது. "எல்லாத்தையும் எழுதிப் போடுறேன், இப்ப நகருங்க" என்று சொல்லித்தான் சமாளித்தேன். சொன்னபடி எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். சவ்வரிசி ஆதியில் மரத்திலிருந்துதான் வந்தது. காய்க்கவில்லை, அவ்வளவுதான்.

மலாய்க்காரர்கள் ரும்பியா என்று சொல்லும் ஒரு பனை. சதுப்பு நிலத்தில் வளரும். சரவாக்கில் முக்கா பக்கம் போனால் இன்றைக்கும் பார்க்கலாம், அங்கே இருக்கும் மெலானாவ் மக்களுக்கு அதுதான் சோறு. இந்த மரம் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் பூக்கும், பூத்தால் பட்டுப்போகும். பூப்பதற்காகப் பத்துப் பன்னிரண்டு வருஷமாக அடிமரத்துக்குள் மாவைச் சேர்த்து வைத்திருக்கும். பூக்க விடாமல் அதற்குக் கொஞ்சம் முன்னால் வெட்டி, மரத்தைப் பிளந்து, உள்ளே இருக்கும் சோற்றைச் சுரண்டி, தண்ணீர் விட்டுப் பிசைந்து வடிகட்டினால் அடியில் வெள்ளையாக மாவு தங்கும். அதன் பெயர் சாகு. நம் சவ்வரிசி, வடக்கே சொல்லும் சாபுதானா, எல்லாம் அந்தச் சொல்லிலிருந்து வந்தவை என்பார்கள். ஜாவா அரிசிதான் ஜவ்வரிசி ஆயிற்று என்று சொல்கிறவர்களும் உண்டு. இரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும் பெயர் காட்டும் திசை இந்தக் கடல் பக்கம்தான். தமிழ்நாட்டிலிருந்து நாம் இங்கே கொண்டுவந்த பலகாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தோமே, உண்மையில் இங்கிருந்துதான் அங்கே போயிருக்கிறது.

மாவு எப்படி உருண்டையானது? அதைப் பார்க்கச் சரவாக் வரைக்கும் போக வேண்டாம். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, புத்தர் பல் ஆலயம் இருக்கும் பக்கம் ஐந்து நிமிஷம் நடந்தால் சாகோ ஸ்ட்ரீட், சாகோ லேன் என்று இரண்டு தெருப் பலகைகள் இருக்கும். தீமிதிக்குப் போகும்போது எத்தனையோ தடவை கடந்திருப்போம். பிற்காலத்தில் சாகக் கிடந்தவர்களைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்துக்கொண்ட வீடுகள் அந்தச் சந்தில் இருந்ததால், நம் ஆட்கள் சிலர் சாகோவையும் சாவையும் முடிச்சுப் போடுவார்கள். அப்படி இல்லீங்க. 1840களில் அங்கே சாகோ பட்டறைகள் இருந்தன, அதனால் வந்த பெயர்.

போர்னியோவிலிருந்தும் சுமத்ராவிலிருந்தும் ஈர மாவு படகில் வரும். சீனர்கள் அதைத் திரும்பத் திரும்பக் கழுவி, அரைக் காய்ச்சலாகக் காயவைத்து, உதிர்த்து, ஒரு துணியைத் தூளி மாதிரி கட்டி அதற்குள் போட்டு ஆட்டுவார்கள். ஆட்ட ஆட்ட மாவு குருணை குருணையாகத் திரண்டு உருளும். சலித்து அளவு பிரித்து, இரும்புச் சட்டியில் வறுத்து எடுத்தால் முத்து மாதிரி இருக்கும். இங்கிலாந்துக்குப் போனது, இந்தியாவுக்கும் போனது. 1827இல் அந்த மாரியம்மன் கோயிலை எழுப்பிய நாராயண பிள்ளை தலைமுறையின் பிள்ளைகள் விளையாடிய இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இது நடந்திருக்கிறது என்று நினைத்துப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

அப்புறம் அந்த ஐயா சொன்ன மரவள்ளிக்கு வருவோம். அது தென்னமெரிக்காவில் பிறந்த கிழங்கு. பனை வெட்டப் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும், கிழங்கு ஒரு வருஷத்துக்குள் வந்துவிடும். வியாபாரி எதைப் பார்ப்பான்? 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மலாக்கா முழுக்க சீனர்கள் மரவள்ளி போட்டார்கள். அந்த மாவையும் அதே மாதிரி உருட்டி முத்தாக்கினார்கள். ஆனால் ஒரே மண்ணில் திரும்பத் திரும்பப் போட்டால் மரவள்ளி மண்ணைச் சாறு பிழிந்துவிடும். நிலம் களைத்துப்போனதும் வேறு பயிர் தேட வேண்டியதாயிற்று. டான் டோக் செங் பெயர் நமக்கெல்லாம் தெரியும், அவருடைய பேரன் டான் சே யான் 1896இல் மலாக்காவில் ரப்பர் நட்டார். மலாயாவில் ரப்பரை வியாபாரப் பயிராக நட்ட முதல் ஆள் அவர்தான் என்பார்கள். ரப்பர் வந்தது, கங்காணி வந்தார், நம் கொள்ளுத் தாத்தாமார்கள் கப்பலேறினார்கள். அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும்.

இப்ப என் வீட்டுக் கதை. இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

எங்க அப்பாவைப் பெற்ற பாட்டி குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். நான் பார்த்த வரைக்கும் மரவள்ளிக்கிழங்கை அவர் தொட்டதே இல்லை. வேகவைத்து, தேங்காய்ப்பூ தூவி, சர்க்கரை போட்டு அம்மா எங்களுக்குக் கொடுத்தால் பாட்டி எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். அந்த வாடையே ஆகாது. எங்களுக்குச் சொல்லப்பட்ட காரணம் நாலே வார்த்தை: "ஜப்பான்காரன் காலத்துல தின்னது போதும்."

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கினான், 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. மலாயா சாப்பிட்ட அரிசியில் பாதிக்கு மேல் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. அது நின்றது. ரப்பருக்கு வாங்குபவன் இல்லை, தோட்டத்தில் கூலி இல்லை. வாழைமரம் போட்ட நோட்டைக் கட்டுக்கட்டாகக் கொடுத்தாலும் அரிசி கிடைக்காது. ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு மரவள்ளிக் குச்சி நட்டார்கள். காலையிலும் அதுதான், ராத்திரியிலும் அதுதான். அதில் வயிறு நிறையும், உடம்பு தேறாது. சத்தில்லாமல் கால் வீங்கி, முகம் வீங்கி ஆட்கள் போனார்கள். சயாம் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது பாட்டியின் அண்ணனும் போனார், திரும்பவில்லை. 1943இல் பாட்டிக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. தாய்க்குப் பால் ஊறவில்லை. மரவள்ளி மாவைக் கஞ்சியாகக் காய்ச்சித்தான் ஊட்டினார்கள். அந்தப் பிள்ளை ஒரு வயசு தாண்டவில்லை. எங்க அப்பா 1947இல் பிறந்தவர், அவருக்கு மேலே ஒரு அண்ணன் இருந்தார் என்பதே அவருக்கு ரொம்ப நாள் தெரியாது.

அப்படிப்பட்ட பாட்டி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என்ன செய்வார் தெரியுமா? சவ்வரிசிப் பாயசம். தேங்காய்ப் பால், குலா மெலாக்கா, ஒரு பாண்டான் இலை முடிச்சு. எங்களுக்குக் காய்ச்சல் என்றாலும் சவ்வரிசிக் கஞ்சிதான். அம்மாவுக்கு அது எதில் செய்தது என்று தெரியும். கடையில் விற்பதில் பனை மாவு எப்போதோ போய்விட்டது, எல்லாம் மரவள்ளிதான். "பாட்டிகிட்ட மூச்சு விடாதீங்க, பாவம் அதையும் விட்டுடும்" என்று எங்களிடம் சொல்லி வைத்திருந்தார்.

பாட்டி கதை முடியவில்லை, ஆனால் அதே 1943இல் சேலத்தில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். யுத்தத்தால் மலாயா, ஜாவா சரக்குக் கப்பல் நின்றுபோய், இந்தியாவில் சவ்வரிசிக்கும் ஆலைக்கு வேண்டிய கஞ்சி மாவுக்கும் தட்டுப்பாடு. வியாபாரமாகக் கேரளா போய் வந்துகொண்டிருந்த சேலம் மாணிக்கம் செட்டியார், மலாயாவிலிருந்து வந்திருந்த போப்பட்லால் ஷா என்பவரை அங்கே சந்தித்தார். ஷாவுக்கு மரவள்ளியில் மாவும் சவ்வரிசியும் எடுக்கும் வேலை தெரியும். கேரளத்தில் கிழங்குக்குப் பஞ்சமில்லை, திருவிதாங்கூர் விசாகம் திருநாள் மகாராஜா 1880களிலேயே அதைப் பயிரிடச் சொல்லி ஊக்கப்படுத்தியிருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து சேலத்தில் குடிசைத் தொழிலாக ஆரம்பித்ததுதான் பிற்பாடு நூற்றுக்கணக்கான ஆலைகளாகப் பெருகியது. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது, 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆக, இங்கே கற்றது அங்கே போய், இன்றைக்குத் தேக்கா கடையில் சேலம் பாக்கெட்டாக நமக்கே திரும்பி வருகிறது. எங்க பாட்டி கிழங்கைத் துருவிக்கொண்டிருந்த அதே வருஷத்தில் இதெல்லாம்.

துருவியது என்று சும்மா சொல்லவில்லை. 1998 வாக்கில், வேலைக்குப் போக ஆரம்பித்திருந்த புதிது, கொஞ்சம் திமிர். ஒரு வெள்ளிக்கிழமை பாக்கெட்டைத் திருப்பி "டாப்பியோக்கா ஸ்டார்ச்" என்று பாட்டி காதுபட வாசித்துவிட்டேன். அம்மா என்னை முறைத்த முறைப்பு இன்னும் மறக்கவில்லை. பாட்டி அடுப்பை விட்டுத் திரும்பாமல், "அது எனக்குத் தெரியாதாடா?" என்றார்.

அன்றைக்குத்தான் சொன்னார். தகரத்தில் ஆணியால் ஓட்டை போட்டுத் துருவியாக்கி, கிழங்கைத் துருவி, துணியில் பிழிந்து, தெளிய வைத்து மாவு எடுப்பார்களாம். பிள்ளைக்குக் கஞ்சி அதில்தான். பிள்ளை போன வருஷம் தோட்டத்து மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்க ஒரு பிடி அரிசி யாரிடமும் இல்லை. பொம்பளைகள் நாலு பேர் சேர்ந்து ஈர மாவைப் புடவைத் துணியில் போட்டு ஆட்டி ஆட்டி உருட்டினார்கள். பக்கத்துக் கம்போங்கில் இருந்த மலாய்க்கார அம்மா ஒரு வட்டு வெல்லம் கொடுத்தார். தேங்காய்க்குக் குறை இல்லை. அந்தப் பாயசத்தைத்தான் அம்மனுக்குப் படைத்தார்கள்.

"கிழங்கைப் பார்த்தா பிள்ளை ஞாபகம் வருது, அதான் தொடறதில்ல. இது அம்மனுக்கு வெச்சதுடா. அதை எப்படி வேணாம்னு சொல்றது?"

பாட்டி 2001இல் போய்ச் சேர்ந்தார். அம்மா அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு பாக்கெட்டை ஒளித்து வைத்ததில்லை.

ஐயா கேட்டதற்குப் பதில். நம் கோயிலில் குருக்கள் அம்மன் நைவேத்தியத்துக்குப் பச்சரிசிதான் என்று உறுதியாக இருக்கிறார், சவ்வரிசிப் பாயசம் அன்னதானக் கூடத்தோடு சரி. அது முறை, அதில் நான் வாய் கொடுக்க மாட்டேன். கடல் தாண்டி வந்த கிழங்கைப் பற்றிப் பழைய நூல்களில் தேடினாலும் கிடைக்காது. அக்கா சொன்னதும் சரி, தானியம் தவிர்க்கிற விரதத்துக்குச் சவ்வரிசி தானியம் இல்லை என்பதால் பல ஊரில் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். உங்க வீட்டு வழக்கம் எதுவோ அதைச் செய்யுங்க. ஆனால் "கிழங்குப் பாயசமா" என்று இளக்காரமாகச் சொல்லும்போது எனக்குச் சுருக்கென்று இருக்கிறது, ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

வீட்டில் செய்கிறவர்களுக்கு இரண்டு விஷயம், ஏனென்றால் "எனக்கு மட்டும் களியா போகுது"ன்னு நிறைய பேர் கேட்கிறீங்க. பாயசத்துக்கு நைலான் ஜவ்வரிசி வாங்குங்க, மாவு ஜவ்வரிசி வத்தலுக்குத்தான் நல்லது. தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு போடணும், பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றினால் கரைஞ்சிடும். நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு மட்டும் மிச்சம் இருக்கும்போது அடுப்பை அணைத்து மூடி வைங்க, அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். வெல்லத்தைத் தனியாகக் கரைத்து, மண் வடிகட்டி, ஆறவைத்துச் சேருங்க. சுடும் பாலில் சூடாக ஊற்றினால் திரிந்துபோகும், இதை நான் ஒரு பெரிய சட்டிப் பாயசத்தைப் பாழாக்கித்தான் கற்றுக்கொண்டேன். தேங்காய்ப் பால் என்றால் முதல் பால் கடைசியில், கொதிக்க விடக் கூடாது.

இந்த வெள்ளிக்கிழமை 300 பேருக்குப் போடுகிறோம், 3 கிலோ சவ்வரிசி, தேங்காய்ப் பாலில், பாட்டி பக்குவத்தில். தேங்காய் துருவ ஆள் குறைவாக இருக்கு. காலை 6 மணிக்கு மடப்பள்ளிப் பின்கதவு திறந்திருக்கும், முடிஞ்சவங்க வாங்க. அந்த ஐயாவை யாராவது பார்த்தால் நான் தேடினேன்னு சொல்லுங்க. பாப்பா, உன் கேள்விக்குப் பதில்: ரும்பியா மரம். படம் ஒன்னு அச்செடுத்து வெச்சிருக்கேன், வந்து வாங்கிக்கோ.