பெயரின் பின்பாதி

ஆர்.எஸ்.புரத்தில் பல்லாண்டு வாழ்ந்தவர்களிலும், ‘ஆர்.எஸ்.’ என்பது யாரோ ஒருவருடைய முன்னெழுத்துகள் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களை நாம் சந்தித்திருக்கிறோம். உண்மையில் அது இரத்தினசபாபதி என்னும் ஒரே பெயர். கோவை நகராட்சித் தலைவராக விளங்கிய சி.எஸ்.இரத்தினசபாபதி முதலியாரின் பெயரால் அமைந்த இரத்தினசபாபதிபுரம், புழக்கத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகளாகத் தேய்ந்தது. அவருடைய மெய்யான முன்னெழுத்துகளான சி.எஸ். இதில் இல்லை. அவர் பெற்ற திவான் பகதூர் பட்டமும் டி.பி.ரோடு என்று குறுகிவிட்டது. ஒரு பேட்டையின் பெயர் இப்படிச் சுருங்குவதால் யாருக்கும் நட்டமில்லை. தபால் வந்து சேர்ந்துவிடும். ஒரு மனிதரின் பெயரை அப்படி வெட்டி ஒட்டும்போது கதை வேறாகிவிடுகிறது.

அண்மையில் ஒரு மாலை, நம் நண்பர் ஒருவரின் இல்லத்தில் கூடியிருந்தோம். மணமாகி அமெரிக்கா செல்லவிருந்த அவருடைய மகள், விண்ணப்பங்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, “பேரை மாத்தியே ஆகோணுங்களா, மாமா?” என்று கேட்டாள். ஆளுக்கொரு விடை சொன்னோம். ஒருவர் சட்டம் என்றார். ஒருவர் சம்பிரதாயம் என்றார். வீடு திரும்பியபின் யோசித்தபோது இரண்டுமே தவறு என்று தோன்றியது. அந்தப் பெண்ணுக்குச் சொல்லாமல் விட்ட விடையே இக்கட்டுரை.

முதலில் சம்பிரதாயத்தைப் பார்ப்போம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இராசராசனின் தமக்கை குந்தவை, வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று குறிக்கப்படுகிறார். ஆயினும் அவர் பெயர் ‘பராந்தகன் குந்தவை’ என்றே பொறிக்கப்பட்டிருக்கிறது. பராந்தகன் என்பது அவருடைய தந்தை சுந்தர சோழரின் பெயர். கணவர் யார் என்பதைக் கல்வெட்டு மறைக்கவில்லை. ஆனால் கணவர் பெயரை அவர் பெயரோடு கோக்கவுமில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டியவர்களுக்கு உறவு வேறு, பெயர் வேறு என்ற தெளிவு இருந்திருக்கிறது.

நம் பாட்டிமார் காலத்துக்கு வந்தாலும், மனைவி கணவன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்பதே வழக்கமாக இருந்தது. நியாயவிலைக் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கும் பிள்ளையைச் சொல்லவைப்பார்கள். பாட்டி உச்சரிக்கவே அஞ்சிய பெயரைப் பேத்தி தன் பெயராக ஏற்று, விமான நிலைய ஒலிபெருக்கியில் அதனாலேயே அழைக்கப்படுவதை ‘தொன்றுதொட்டு வந்த மரபு’ என்று எப்படிச் சொல்வது?

மேனாட்டினர் சொல்லும் பொருளில் குடும்பப்பெயர் நம்மிடம் பரவலாக இருந்ததில்லை. பெயரோடு சேர்ந்து வந்தவை ஊர், தந்தை பெயர், சாதி. அந்தச் சாதியையும் 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டையொட்டிப் பலர் துறந்தனர். பின்னர் அது தமிழ்நாட்டின் பொதுப்பழக்கமாயிற்று. எஞ்சியது பள்ளிப் பதிவேட்டிலும் அலுவலகத்திலும் வேரூன்றிய முன்னெழுத்து. மணமான பெண் தந்தையின் எழுத்தை எடுத்துவிட்டுக் கணவனின் எழுத்தை வைத்துக்கொள்வது அந்தப் பதிவேடுகளோடு வளர்ந்த பழக்கமே. உள்ளூரில் அதனால் பெருந்தொல்லை இல்லை. ஓர் எழுத்து மாறினாலும் ஆள் மாறவில்லை என்பது தபால்காரருக்குத் தெரியும்.

கடல் கடக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஏனெனில் அங்கே ஆளைத் தெரிந்தவர் இல்லை. காகிதம் மட்டுமே உண்டு. இதை நம்மவர்கள் நூறாண்டுகளுக்கு முன்பே கண்டார்கள். 1913 மார்ச் 14 அன்று தென்னாப்பிரிக்காவின் கேப் உச்சநீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்பளித்தார். பலதார மணத்தை அனுமதிக்கும் சமய முறைப்படி நடந்த திருமணம் குடியேற்றச் சட்டத்தின் முன் செல்லாது என்பது அதன் சாரம். கணவனிடம் சேர வந்து கப்பலிலிருந்து இறங்கும் இந்தியப் பெண் சட்டப்படி மனைவியே அல்லள் என்றாயிற்று. அதன்பின் மூண்ட சத்தியாகிரகத்தில் பெண்கள் சிறை சென்றனர். அவர்களில் கணிசமானோர் தமிழர். சிறையில் நோயுற்ற பதினாறு வயது வள்ளியம்மை, விடுதலையானதும் 1914 பிப்ரவரி 22 அன்று மறைந்தார். அவ்வாண்டே இயற்றப்பட்ட இந்தியர் நிவாரணச் சட்டம் அத்திருமணங்களை, ஒரு கணவனுக்கு ஒரு மனைவி என்ற வரம்போடு ஏற்றது. வள்ளியம்மை பிறந்தது ஜொகானஸ்பர்க்கில். ஆனால் நாம் அவரை நினைவில் வைத்திருப்பது குடும்பத்தின் பூர்வீக ஊரைச் சேர்த்து, தில்லையாடி வள்ளியம்மை என்றுதான்.

அந்த வழக்கில் கேட்கப்பட்ட கேள்வி இன்றும் மாறவில்லை: ‘இவள் இவன் மனைவி என்பதற்கு என்ன சான்று?’ பெயரையே சான்றாக்கிவிட்டால் தொல்லை தீரும் என்று எண்ணித்தான் பல குடும்பங்கள் பெயரை மாற்றுகின்றன. ஆனால் உறவுக்குச் சான்று திருமணப் பதிவுச் சான்றிதழ்தான். பெயரை மாற்றினால் சான்று தேடவேண்டிய காகிதங்கள் கூடுகின்றனவே அன்றிக் குறைவதில்லை.

ஓர் உதாரணம். கந்தசாமியின் மகன் முருகேசன், பழனிச்சாமியின் மகள் மல்லிகாவை மணக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடவுச்சீட்டு முன்னெழுத்தை ஏற்பதில்லை, விரித்தெழுதச் சொல்கிறது. அப்படி விரித்ததும் முருகேசனின் குடும்பப்பெயர்க் கட்டத்தில் கந்தசாமி வந்து அமர்கிறார். மல்லிகா கணவன் பெயரைச் சேர்த்தால் மல்லிகா முருகேசன். பிள்ளையும் தந்தை பெயர் கொண்டு ஏதோ ஒரு முருகேசன். அயல்நாட்டு அதிகாரியின் கண்ணுக்குத் தாயும் பிள்ளையும் உடன்பிறந்தார்போல் ஒரே குடும்பப்பெயரோடு நிற்க, தந்தை மட்டும் வேறு குடும்பத்தவராகிறார். இதைத் தவிர்க்க மல்லிகா கணவனின் ‘குடும்பப்பெயரை’ ஏற்றாலோ, அவர் மாமனாரின் பெயரால் திருமதி கந்தசாமி ஆகிவிடுகிறார்! கட்டத்தைக் காலியாக விட்டாலும் தப்பில்லை. ஆனால் அமெரிக்க விசாவில் இயற்பெயர் குடும்பப்பெயராக இடம்பெயர்ந்து, அது இருந்த இடத்தில் ‘முதற்பெயர் அறியப்படவில்லை’ என்பதன் சுருக்கமாக எஃப்.என்.யு. என்ற மூன்றெழுத்து ஏறிவிடும். இதற்கிடையே பட்டச் சான்றிதழில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் ஒரு பெயர் என்றாகி, ‘இருவரும் ஒருவரே’ என்று நோட்டரி முன் கையொப்பமிட வேண்டியிருக்கிறது. தான் தானே என்று சத்தியம் செய்யும் நிலை!

இனிச் சட்டம். மணமான பெண் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று இந்தியச் சட்டம் எதுவும் கூறவில்லை. கடவுச்சீட்டுக்காக மணத்துக்கு முந்தைய பெயரை மாற்ற வேண்டியதில்லை என்று 2017 ஏப்ரலில் பிரதமரே அறிவித்தார். அமெரிக்கக் குடியேற்றப் படிவங்கள் இதற்குமுன் வழங்கிய பெயர்களைக் கேட்கும். புதிய பெயரைக் கட்டாயமாக்குவதில்லை. அந்நாட்டிலும் இவ்வுரிமை எளிதில் வந்ததன்று. 1920களின் தொடக்கத்தில் பத்திரிகையாளர் ருத் ஹேல், தம் சொந்தப் பெயரில் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டதால் பயணத்தையே கைவிட்டார். மணமான ஒரு பெண்ணுக்கு இயற்பெயரிலேயே கடவுச்சீட்டு கிடைத்தது 1925இல். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1981 முதல் நிலைமை தலைகீழ்: மணத்தால் பெயர் மாறாது, இருவரும் பிறந்த பெயராலேயே உரிமைகளைக் கையாள வேண்டும். மாண்ட்ரியலில் வாழும் ஈழத்தமிழ்ப் பெண்களுக்கும் அதுவே விதி. மலேசியத் தமிழரின் பெயரில் ‘இன்னாரின் மகள்’ என்ற குறிப்பு இருப்பதால் மணத்துக்குப் பின்னும் அது அப்படியே தொடர்கிறது.

இவற்றையெல்லாம் மறுவாரம் அந்தப் பெண்ணிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: “அப்பா பேரும் ஒரு ஆம்பளையோட பேருதானுங்களே, மாமா?” நாம் வாயடைத்துப் போனோம். பிறகு நினைவுக்கு வந்தது எம்.எஸ்.சுப்புலட்சுமியின் பெயர். எம். மதுரை; எஸ். அவருடைய தாய் சண்முகவடிவு. 1940இல் சதாசிவத்தை மணந்த பின்னும் அந்த இரண்டெழுத்து மாறவில்லை. உலகம் அவரை அவ்விரண்டெழுத்தாலேயே அறிந்தது. ஊரும் தாயும் ஒரு பெயரின் முன் நிற்க நம் மரபில் இடமிருந்திருக்கிறது, படிவத்தில்தான் இடமில்லை.

கணவன் பெயரை விரும்பி ஏற்பவர்களோடு நமக்கு வழக்கில்லை. அன்பினால் செய்வதற்கு யார் தடை சொல்ல முடியும்? ஆனால் ‘ஆபீசில் கேட்பார்கள்’ என்ற அச்சத்தால் மாற்றுபவர்கள், ஆபீசில் அப்படிக் கேட்பதில்லை என்பதையாவது அறிந்து மாற்றட்டும். நண்பரின் மகள் தன் பட்டச் சான்றிதழில் உள்ள பெயரையே எல்லாப் படிவங்களிலும் எழுதினாள். முகவரிக் கட்டத்துக்கு வந்தபோது மட்டும் சற்றுத் தயங்கி, ஆர்.எஸ்.புரம் என்று எழுதாமல், ஒவ்வோர் எழுத்தாக இரத்தினசபாபதிபுரம் என்று விரித்து எழுதினாள். கட்டம் போதவில்லை. கடைசி இரண்டெழுத்தும் கோட்டுக்கு வெளியே நின்றன.